எண்ணெய் போட்டு வைத்தும் குழலில் துரு, மேல் லிவரும் இறுகுகிறது. என்ன செய்வது?

இரட்டைக்குழல்:
எல்லோருக்கும் வணக்கம். உரிமத்தோடு வைத்திருக்கும் 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி, அப்பா வைத்திருந்தது. ப்ளூயிங் (இரும்பின் மேற்பரப்பைக் கருநீலமாக்கும் முறை) செய்த குழல், வால்நட் கட்டை. சுடுவது அபூர்வம், பெரும்பாலும் அலமாரிக்குள்தான் இருக்கும். எடுக்கும்போதெல்லாம் டபிள்யூ.டி-40 அடித்துத் துடைத்து, தோல் உறையில் போட்டு, கட்டை கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்போம். ஆனாலும் மழைக்காலம் வந்துவிட்டால் குழலின் பக்கங்களில் செம்பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) குழலைத் தொடும் ஓரத்தில் துரு ஒரு கோடு மாதிரியே இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. துப்பாக்கியைத் திறக்கும் மேல் லிவரைத் தள்ளிவிட்டால் முன்பெல்லாம் சட்டென்று தன் இடத்துக்கு வந்துவிடும். இப்போது மெதுவாக ஊர்ந்து வருகிறது. துருவைப் பார்த்தவர் "எண்ணெய் போதவில்லை" என்கிறார். லிவரைப் பார்த்தவர் "எண்ணெய் அதிகமாகிவிட்டது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பட்டறைக்காரர்:
தம்பி, இருவர் சொன்னதும் சரிதான். வெளியே போதவில்லை, உள்ளே அதிகம். உராய்வைக் குறைப்பது ஒரு வேலை, காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாமல் தடுப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குக் குறிப்பிட்ட சில இடங்களில் ஒரு துளி போதும். இரண்டாவதற்கு இரும்பு தெரியும் இடம் முழுக்க, இடைவெளி விடாத மெல்லிய படலம் வேண்டும். ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

டபிள்யூ.டி-40 கெட்ட சரக்கு இல்லை. 1953இல் நீரை விலக்குவதற்கென்று உருவாக்கியது அது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்தினார்கள். மழையில் நனைந்த துப்பாக்கியை உடனே உலர்த்த நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். மிஞ்சும் படலம் மிக மெல்லியது, மாதக்கணக்கில் காவல் காக்காது. உள்ளே புகுந்த மிச்சம் தூசியோடும் வெடிமருந்துக் கரியோடும் சேர்ந்து பிசினாகிவிடும். உங்கள் லிவர் மந்தமாவதற்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

ப்ளூயிங்கை நம்பி இருந்துவிடவும் வேண்டாம். அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான், மிக மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. தனியாக அது துருவைத் தடுப்பது குறைவு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் அதன் பெரிய பலன்.

தோல் உறையை இன்றே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடப் பயன்படுத்திய அமிலங்களும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும். தூக்கிப் போக உறை சரி. நாள்கணக்கில் வைக்க அது ஆகாது. ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்கும் இதே பேச்சுத்தான். கட்டை கீழே இருக்கும்படி நிறுத்துவதும் வேண்டாம். எண்ணெய் மெல்ல வழிந்து விசைப் பகுதிக்கும், அங்கிருந்து கட்டையின் கழுத்துக்கும் இறங்கும். எண்ணெய் ஊறிய மரம் கருத்து மென்மையாகி, நாளடைவில் அங்கேயே விரிசல் விடும். குழல்வாய் கீழே இருக்கும்படி ஒரு துணித்திண்டின் மேல் நிறுத்துங்கள், அல்லது படுக்க வையுங்கள்.

இரட்டைக்குழல்:
நன்றி அண்ணா. இப்போது இருக்கும் துருவை எப்படி எடுப்பது? வினிகரில் ஊற வைத்தால் போய்விடும் என்று பார்த்தேன்.

பட்டறைக்காரர்:
வினிகர் வேண்டவே வேண்டாம். துருவைக் கரைக்கும் அமிலம் ப்ளூயிங்கையும் சேர்த்தே கரைத்துவிடும். கடையில் விற்கும் துரு நீக்கிகளில் பலவும் அப்படித்தான்.

எதைத் தொடுவதற்கும் முன் இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். வேலை செய்யும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது. பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுங்கள். அந்தக் கோடு தெரிகிறதே, அதற்குக் கீழே, கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். மரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இடம் அது. கழற்றாமலே துடைப்பவர் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

துருப் புள்ளிகளின் மேல் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு நாலு சுழி, அதாவது 0000 என்று குறித்த மிக நுண்ணிய ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து, விரல் பாரம் மட்டும் கொடுத்துத் தேயுங்கள். எண்ணெய் செம்பழுப்புக் குழம்பாக மாறும். துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டு மறுபடி தேயுங்கள். துணியில் பழுப்பு வராமல் கருமையான இரும்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். உலர்ந்த ஸ்டீல் வூலோ உப்புத்தாளோ ப்ளூயிங்கைக் கீறிவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பந்து கிட்டவே வர வேண்டாம்.

கடைசியாக, நல்ல துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் குழல் முழுவதும் ஒரு முறை துடையுங்கள். கை பட்டால் லேசாக வழுக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதன் பின் குழலை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வையில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வந்த புள்ளிகளை உற்றுப் பாருங்கள், விரல் பதிந்த வடிவம் தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

குழல் திரும்பும் ஹிஞ்ச் பின்னுக்கும், குழலின் அடியில் இருக்கும் லம்ப் என்ற பூட்டுப் புடைப்பின் பக்கங்களுக்கும் எண்ணெயைவிட கிரீஸ்தான் நல்லது. பாரம் தாங்கிக்கொண்டு உரசும் இடம், எண்ணெய் அங்கே நிற்காது. ஒரு தீக்குச்சி முனையில் எடுத்துப் பூசினால் போதும்.

லிவரை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங்குகள் அழுத்தத்தில் இருக்கும். திருகாணிகளின் காடி மிகக் குறுகல், சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்தால் சிதைந்துவிடும். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் திறந்து, பழைய பிசினைக் கழுவி, துளி எண்ணெய் விட்டுத் தருவார்.

போல்ட்ஆக்‌ஷன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அலமாரிக் காற்றைக் கவனிக்காமல் எந்த எண்ணெய் போட்டாலும் பாதி வேலைதான். ஒரு சிறிய ஈரப்பத மானி உள்ளே வையுங்கள். ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. 60க்கு மேல் போகப் போகத் துரு வேகம் பிடிக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் மூடிய அலமாரியில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது நிரம்பிவிட்டால் வெறும் மணல்தான். நிறம் மாறும் வகை வாங்குங்கள், மாறியதும் கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உடனே உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் அறைக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து துடையுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, சுத்தம், உயவு, காப்பு மூன்றையும் சேர்த்துச் செய்யும் சி.எல்.பி. வகை ஒன்று போதும் என்பது என் பழக்கம். 1904இல் ஜெர்மனியில் வந்த பாலிஸ்டால் என்ற எண்ணெய் மரத்தோடும் தோலோடும் ஒத்துப்போகும் என்பதால் பழைய துப்பாக்கிக்காரர்கள் விரும்புவார்கள். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். காற்றோடு சேர்ந்து கெட்டியாகி உள்ளே கோந்தாகிவிடும்.

பட்டறைக்காரர்:
சி.எல்.பி. அடிக்கடி எடுத்துச் சுடுபவருக்குச் சரி. இவர் துப்பாக்கி மாதக்கணக்கில் தூங்குகிறது. வெளிப்பக்கத்துக்கு நுண்படிக மெழுகு இன்னும் நல்லது. அருங்காட்சியகங்களில் பழைய ஆயுதங்களுக்குப் பூசுவது அதைத்தான். கை பட்டாலும் எண்ணெய் மாதிரிச் சட்டென்று கலையாது. குழலின் உள்ளே எண்ணெய்தான். சுடப்போகும் முன் உலர்ந்த துணி விட்டு அதைத் துடைத்தெடுக்க மறக்கக் கூடாது. எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடுவதும் கூடாது. தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் வெடிக்காமல் போகலாம்.

இன்னொன்று: பழைய அரிக்கும் ப்ரைமர் உள்ள தோட்டாவோ கரிமருந்தோ சுட்டிருந்தால் முதலில் வெந்நீர். அந்தப் ப்ரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். அது உப்பு. எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய். உப்பின் மேல் எண்ணெயைப் பூசிவிட்டுத் துரு வருகிறதே என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் நிறைய.

காற்றுத்துப்பாக்கி:
என்னிடம் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

பட்டறைக்காரர்:
வெளிப்பக்கத்துக்கு மட்டும் இதே முறை. காற்றை அழுத்தும் சிலிண்டருக்குள் பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளியும் போகக் கூடாது. பிஸ்டன் அழுத்தும்போது காற்று சூடாகி அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். புகை வரும், வெடிச்சத்தம் கேட்கும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் எண்ணெயை, சொல்லும் அளவு மட்டும் விடுங்கள்.

இரட்டைக்குழல்:
முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அண்ணன் சொன்ன மாதிரியே அங்கேதான் துரு அதிகம். தேய்த்ததில் பழுப்பு போய்விட்டது, ஆனால் ஊசி குத்திய மாதிரிச் சிறு குழிகள் தெரிகின்றன. பக்கவாட்டில் குழி எதுவும் இல்லை. ஒரு குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் வாய்ப்பக்கத்திலும் கரும்புள்ளிகள் இருக்கின்றன. சுடலாமா?

பட்டறைக்காரர்:
இப்போதைக்குச் சுட வேண்டாம். வெளியே இருக்கும் குழியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் கறைதான், விட்டுவிடலாம். தடுத்தால் இரும்பு தின்னப்பட்டிருக்கிறது. தேய்த்துச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், சுற்றியிருக்கும் நல்ல இரும்பும் போய்விடும். குழிக்குள் எண்ணெய் நிற்கிற மாதிரி விட்டு, முன்கட்டையின் உட்பக்கம் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

உள்ளே தெரியும் புள்ளிகளைப் படம் போட்டாலும் நான் பார்த்துச் சொல்ல முடியாது, யாரும் சொல்லக் கூடாது. உங்களுடையது போன்ற ஷாட்கன் குழலின் சுவர் வாய்ப்பக்கம் போகப் போக மெலியும். அங்கே குழி விழுந்திருந்தால் சுவர்த் தடிமனைக் கருவி வைத்து அளக்க வேண்டும். எப்படியும் லிவருக்காகப் பழுதுபார்ப்பவரிடம் போகிறீர்கள். குழலையும் கையோடு கொண்டுபோய், தடிமன் அளந்து, குழலின் அழுத்தச் சோதனையைக் குறிக்கும் ப்ரூஃப் முத்திரைகளையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.