சாலட்ல ஊத்துற அவகாடோ டிரெஸ்ஸிங் கசக்குது, எங்கே தப்பு?

மூணு தடவை செஞ்சாச்சு, மூணு தடவையும் கசப்பு. நல்லா பழுத்த அவகாடோ 1, கெட்டித் தயிர் அரை கப், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, பூண்டு 1 பல், எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் கால் கப், உப்பு. எல்லாத்தையும் ஒண்ணா மிக்ஸியில 2 நிமிஷம் ஓட்டுறேன். பதம் வெண்ணெய் மாதிரி வருது, ஆனா அடித்தொண்டையில கசப்பு நிக்குது.

பழத்தைத் தனியா தின்னு பார்த்தேன், கசக்கல. ரெண்டாவது தடவை பூண்டை விட்டேன். மூணாவதுல எலுமிச்சை விதை விழாம வடிகட்டி, தேனும் ஒரு கரண்டி விட்டேன். அது இன்னும் மோசம், இருமல் மருந்துதான்! மிக்ஸி வேகத்துல இந்த எண்ணெயே கசந்துடும்னு கேள்வி.

மத்ததை அரைச்சுட்டு எண்ணெயைக் கடைசியில கையால அடிச்சுக் கலந்தா, கசப்பில்லாம இதே கிரீம் பதம் வருமா?