‘தெர்மல் த்ராட்லிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

க. (கோவை) எழுதியது:

அவையோர்க்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான மடிக்கணினிப் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் இயலில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது. சூடு வரம்பைத் தொட்டதும் செயலி (பிராசசர்) தன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறதே, அந்த ‘தெர்மல் த்ராட்லிங்’. வரைவில் ‘வெப்பக் குறைப்பு’ என்றிருக்கிறது. பொருத்தமா?

ந. (தஞ்சாவூர்) எழுதியது:

பொருந்தாது. ‘வெப்பக் குறைப்பு’ என்பதை எவரும் ‘வெப்பத்தைக் குறைத்தல்’ என்றுதான் விரிப்பார்கள். அது இரண்டாம் வேற்றுமை. இங்கே வெப்பம் காரணம், குறைவது வேகம். ஆகவே மூன்றாம் வேற்றுமை வேண்டும். வெப்பத்தைக் குறைப்பது மின்விசிறியின் வேலை. இந்தச் சொல்லை வைத்தால் இரண்டுக்கும் ஒரே பெயராகிவிடும். ‘வெப்ப அடக்கம்’, ‘வெப்பத் தணிப்பு’ எல்லாவற்றுக்கும் இதே குறைதான்.

மு. (திருச்சி) எழுதியது:

மூலச்சொல் தொண்டையை நெரிப்பதைக் குறிக்கிறது. ‘வெப்ப நெரிப்பு’ என்று நேராக வைத்துவிடலாமே? இரண்டே சொல், மாணவர் மனத்தில் நிற்கும்.

செ. (சென்னை) எழுதியது:

மு. அவர்களே, மடிக்கணினிக்குள் உண்மையாகவே நெரிபடுவது காற்று. விசிறிக்கும் சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்து வழியை அடைக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் அது மறுபடி விசிறிமேலேயே விழும். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, விசிறி மூடியைத் திறந்து, தூசிப் படலத்தை இடுக்கியால் எடுக்க வேண்டும். பிறகு இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அளவுமீறிச் சுழன்று தாங்கி (பேரிங்) கெடும். இதை விளக்கும் பக்கத்திலேயே ‘நெரிப்பு’ என்று எழுதினால் மாணவர் எதை எடுத்துக்கொள்வார்?

சொல்லில் வேகம் இருந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. செயலி நிலைமாற்றத்துக்கு (சுழியும் ஒன்றும் மாறிமாறி வருவதற்கு) செலவிடும் மின்திறன், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுவது. இரண்டையும் 10 விழுக்காடு இறக்கினால் 0.9 × 0.9 × 0.9 = 0.729, அதாவது ஏறத்தாழ 27 விழுக்காடு மின்திறன் குறைகிறது. சிறிய வேக இழப்பில் பெரிய சூட்டிறக்கம் கிடைப்பதற்கு இதுதான் காரணம். பல இன்டெல் மடிக்கணினிச் செயலிகளுக்கு வரம்பு 100 டிகிரி. அதையும் தாண்டி ஏறினால் கணினி மொத்தமாக அணைந்துவிடும். அது வேறு, அதற்கு ‘வெப்பத் துண்டிப்பு’ என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். மாணவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இ. எழுதியது:

‘வேகம்’ வடசொல். ‘விரைவு’ இருக்கும்போது அது எதற்கு? ‘விரைவுத்தணிவு’ என்க. தண் என்னும் குளிர்மைப் பொருளிலிருந்து தணி, தணிவு, தண்மை, தண்ணீர் எல்லாம் கிளைக்கின்றன. முருகன் சினம் தணிந்த இடமென்று சொல்லப்படும் தணிகையும் இக்குடும்பமே. நெருப்பு அடங்கிய நிலையான தணலையும் இங்கேயே சேர்ப்பேன். சூடும் தணிவும் ஒரே வேரில் உறவாடும்போது இதைவிடப் பொருத்தமான வினை வேறு ஏது?

ந. எழுதியது:

‘தணி’யை ஏற்கிறேன். தணலை அங்கே சேர்ப்பதை ஏற்கமாட்டேன். தழல், தணல் என்று அதற்குத் தனி வழி இருக்கிறது. அதை வேறு இழையில் பேசலாம். ‘தணிப்பு’ வேண்டாம், ‘தணிவு’ போதும். வெளியிலிருந்து யாரும் தணிப்பதில்லை. செயலி தானே தணிகிறது, அதனால் தன்வினைதான் சரி.

பா. (மதுரை) எழுதியது:

சர்வீஸ் கடையில் ‘ஹீட்டாகி ஸ்லோ ஆயிடுது’ என்கிறார்கள், இல்லையென்றால் ‘த்ராட்டில் ஆகுது’. மாணவர் நாளை வேலைக்குப் போகும் இடம் அதுதான். ‘விரைவுத்தணிவு’ என்று சொன்னால் அங்கே எவருக்கும் விளங்காது. ‘வேகம்’ ஊரறிந்த தமிழாகிப் பல நூற்றாண்டாகிறது.

இன்னொன்று. ‘மடிக்கணினி’ என்று எழுதுகிறோம்: மடியில் வைக்கும் கணினி. அடியில் காற்று உறிஞ்சும் துளை இருக்கும் கருவியை மடியிலும் மெத்தையிலும் வைக்கச் சொல்கிற பெயர் இது. ‘க்’ என்னும் ஒற்றை எடுத்துவிட்டு ‘மடிகணினி’ என்றால் வினைத்தொகை, மடிகிற கணினி. பொருளும் சரி, பழக்கமும் கெடாது.

க. எழுதியது:

பா., அந்த மாற்றம் கையேடு முழுவதையும் தொடும். இந்தப் பதிப்பில் முடியாது. ‘மேசைமேல் வைத்துப் பின்பக்கத்தை 2–3 செ.மீ. உயர்த்துக’ என்ற வரி முதல் இயலிலேயே இருக்கிறது. கேள்விக்கு வருவோம்: வெறும் ‘வேகத்தணிவு’ போதுமா, முன்னால் ‘வெப்ப’ வேண்டுமா?

செ. எழுதியது:

வேண்டும். வேகம் இறங்கினாலே சூடு என்று முடிவுகட்டக் கூடாது. 65 வாட் கேட்கும் கணினியில் 45 வாட் சார்ஜரைச் செருகினாலும், சார்ஜர் எதுவென்று கணினிக்குக் காட்டும் முள் (பின்) பழுதானாலும், செயலி 60 டிகிரியில் இருக்கும்போதே வேகம் இறங்கலாம். அதை ‘மின்திறன் வேகத்தணிவு’ எனலாம். முன்னொட்டு இல்லாவிட்டால் மாணவர் நல்ல விசிறியை மாற்றிக்கொண்டிருப்பார்.

சூடுதான் காரணமென்றால் வெளிவரும் காற்றைக் கையால் பார்க்கச் சொல்லுங்கள். காற்று குறைவாகவும் கொதிப்பாகவும் வந்தால் தூசி அடைப்பு. காற்று தாராளமாக, வெதுவெதுப்பாக மட்டும் வந்து, வேலை கொடுத்த ஓரிரு நொடியில் செயலி வரம்பைத் தொட்டால், சூடு தகடுவரை போய்ச் சேரவில்லை: செயலிக்கும் செப்புக்கும் இடையிலுள்ள பூச்சு காய்ந்திருக்கும் அல்லது திருகு தளர்ந்திருக்கும்.

அந்தப் பூச்சை வரைவில் ‘வெப்பப் பசை’ என்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். பசை என்றால் ஒட்டும். நிரந்தரமாக ஒட்டும் வெப்பப் பசை தனியாக விற்கிறது. அதைச் செயலிமேல் தடவினால் பிறகு பிரிக்கும்போது செயலியே பெயர்ந்து வரலாம். இது ஒட்டாது, இடைவெளியை நிரப்பும். ‘வெப்பக் களிம்பு’ என்க.

க. எழுதியது:

களிம்புக்கு எவரும் மறுக்கவில்லை, மாற்றிவிட்டேன். ‘வெப்ப வேகத்தணிவு’க்கு ந., செ., பா. மூவரும் இசைவு. முதலில் வரும் இடத்தில் ‘சூட்டால் செயலியின் வேகம் தணிதல்’ என்று விரித்து, கடைகளில் ‘த்ராட்லிங்’ என்பர் என்றும் சேர்க்கிறேன். இத்தோடு அனுப்புகிறேன்.

இ. எழுதியது:

‘வெப்ப விரைவுத்தணிவு’ என்பதே என் வாக்கு. சொல்லடைவிலாவது மாற்றுச்சொல்லாக இடம்பெற வேண்டும். அடுத்த பதிப்புக்கு மீண்டும் எழுப்புவேன்.

செ. எழுதியது:

அனுப்புமுன் ஒரு திருத்தம். ‘பட்டாணி அளவு களிம்பை நடுவில் வைத்து அழுத்துக’ என்ற வரி மேசைக் கணினிக்கு உரியது. அங்கே செயலிமேல் உலோக மூடி உண்டு. மடிக்கணினியில் பெரும்பாலும் செயலியின் சில்லு (சிப்) மூடியின்றித் திறந்தே இருக்கும். ஒரு மூலை விடுபட்டாலும் அந்த இடம் மட்டும் கொதிக்கும். பழையதை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சில்லு முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பி, திருகுகளை அவற்றின் அருகே பொறித்த எண் வரிசையில் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும் என்று மாற்றுங்கள்.