"29 பிப்ரவரி 1699": எழுத்தர் தப்பா, நம்ம கணக்கு தப்பா?

பனைவரி கேட்டது:

கம்பெனி காலத்து ஆங்கிலக் கடிதங்களுக்கு எக்செல்லில் தேதிவாரிப் பட்டியல் போடும்போது மூணு இடத்துல முட்டுது. ஒரு கடிதத்துல "29 பிப்ரவரி 1699"னு இருக்கு. 1699 நாலால வகுபடாதே, அப்புறம் எப்படி 29 வரும்? 28னு திருத்திடலாமா? எக்செல்லைக் கேட்டா அது 1900க்கே பிப்ரவரி 29 காட்டுது, அதை எப்படி நம்புறது? பக்கத்துல தமிழ்த் தேதியும் போடணும். நம்ம மாசங்கள்ல லீப் நாள் எதுல வருது?

சுவடிப்பெட்டி:

தயவுசெஞ்சு திருத்திடாதீங்க, தேதி சரிதான். 1752க்கு முன்னாடி இங்கிலாந்துல சட்டப்படி வருஷம் பிறக்கிறது மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி ரெண்டும் பழைய வருஷத்தோட வால். அவங்க "பிப்ரவரி 1699"னு எழுதினா நம்ம கணக்குல அது 1700. குழப்பம் வேண்டாம்னு நினைச்ச எழுத்தர்கள் "1699/1700"னு ரெண்டையும் போட்டுடுவாங்க.

"1700 லீப் வருஷமே இல்லையே"ன்னு அடுத்து கேப்பீங்க. நூறால வகுபட்டு 400ஆல வகுபடாத வருஷத்துக்கு 29 கிடையாதுங்கிற விதி, போப் 13ஆம் கிரிகோரி 1582ல கொண்டுவந்தது. அந்த வருஷம் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. போப்புக்குக் கட்டுப்படாத இங்கிலாந்து 1752 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டரையே பிடிச்சுக்கிட்டிருந்தது. அதுல நாலு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கிட்டு ஒரு நாள் சேர்ப்பாங்க. ஆக, ஆங்கிலேயருக்கு 1700ல பிப்ரவரி 29 உண்டு, பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. புதுச்சேரியில ஒரு பிரெஞ்சுக்காரர் 29 பிப்ரவரி 1700னு எழுதியிருந்தா அதைத்தான் சந்தேகப்படணும்.

மாத்துற கணக்குல கைதவறுறது இங்கதான். 1582லேர்ந்து ரெண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 10 நாள். ஆங்கிலேயரோட 28 பிப்ரவரி 1700, புதுக் கணக்குல (கிரிகோரி காலண்டர்ல) மார்ச் 10. அவங்க பிப்ரவரி 29 = மார்ச் 11. அவங்க மார்ச் 1 = மார்ச் 12, அதாவது அன்னியிலேர்ந்து வித்தியாசம் 11 நாள். அந்த ஒரே ஒரு லீப் நாள் செஞ்ச வேலை. 1752ல செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்து செப்டம்பர் 14 வியாழன்னு தாண்டினப்போ 11 நாள் போனதும் இதனாலதான்.

கடிதத்துல கிழமை இருந்தா பாருங்க, வியாழன்னு இருக்கணும். காலண்டர் மாறினாலும் கிழமை வரிசை அறுபடலை. அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தரங்கம்பாடி டேனிஷ் கடிதங்களும் பட்டியல்ல இருந்தா அதைத் தனியா வைங்க. டென்மார்க் 1700லயே மாறிடுச்சு, பிப்ரவரி 18க்கு அடுத்து மார்ச் 1.

கட்டமும் காலமும்:

எக்செல் காட்டுறது தெரிஞ்சே விட்டுவச்ச தப்பு. லோட்டஸ் 1-2-3ங்கிற பழைய விரிதாள் மென்பொருள் 1900ஐ லீப் வருஷமா எடுத்துக்கிச்சு. அந்தக் கோப்புகள் அப்படியே ஒத்துப்போகணும்னு எக்செல்லும் அதே எண்களை வச்சுக்கிச்சு. 1 ஜனவரி 1900க்கு எண் 1, இல்லாத பிப்ரவரி 29க்கு 60, மார்ச் 1க்கு 61. அதனால மார்ச் 1க்கு முந்தின ரெண்டு மாசமும் எக்செல் சொல்ற கிழமை ஒரு நாள் பிசகும். 1 ஜனவரி 1900 திங்கள், எக்செல் ஞாயிறுங்கும். லிப்ரே ஆஃபீஸ் தொடக்கத்தை ஒரு நாள் முன்னாடி நகர்த்தி 60ஐ பிப்ரவரி 28 ஆக்கிடுச்சு. 61லேர்ந்து ரெண்டும் ஒண்ணுதான்.

உங்க வேலைக்கு இதைவிடப் பெரிய குழி வேற ஒண்ணு. எக்செல்லோட டேட் ஃபார்முலாவுல 1900க்குக் குறைஞ்ச வருஷம் கொடுத்தா, அது சத்தமில்லாம 1900ஐக் கூட்டிக்கும். 1700 கொடுத்தா 3600 ஆயிடும். 3600 நானூறால வகுபடும், அதனால லீப். 1600 கொடுத்தா 3500, லீப் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தலைகீழா நிக்கும்.

அதனால தேதின்னு ஒரே கட்டத்துல போடாதீங்க. வருஷம், மாசம், நாள் மூணும் தனித்தனி நெடுவரிசை. நாலாவதுல பழைய கணக்கா புதுக் கணக்கான்னு குறி. அஞ்சாவதுல ஜூலியன் நாள் எண். பேரைப் பாத்து ஜூலியன் காலண்டர்னு நினைக்காதீங்க, இது வானியல்காரங்க நாட்களை வரிசையா எண்ணிக்கிட்டே போற எண். உங்க கடிதத்துக்கு 2342042. வரிசைப்படுத்துறது, இடைவெளி கழிக்கிறது எல்லாம் இதை வச்சு மட்டும் செய்யுங்க. ஏழால வகுத்தா மீதி 3. திங்களுக்கு 0, அப்போ 3 வியாழன். மேலே சுவடிப்பெட்டி சொன்னதோட பொருந்துது.

(1900ல 29 இல்லாம போனதுக்கு ஒரு உதாரணம்: மொரார்ஜி தேசாய் பிறந்தது 29 பிப்ரவரி 1896. அடுத்த பிப்ரவரி 29 வர்றதுக்குள்ள அவருக்கு எட்டு வயசு. அதே நாள், 1904 பிப்ரவரி 29ல, மதுரையில பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி பிறந்தார்.)

நாழிகைவட்டில்:

நம்ம கணக்குல லீப் நாளுக்குன்னு நிலையான இடம் கிடையாது. சூரியன் ராசி மாறுற நேரம் (சங்கராந்தி) அஸ்தமனத்துக்கு முன்னாடின்னா அன்னிக்கே மாசம் பிறக்கும், அதுக்குப் பிறகுன்னா மறுநாள். அதனால ஆனி 31 அல்லது 32, மார்கழி 29 அல்லது 30. ஜூலைத் தொடக்கத்துல பூமி சூரியனைவிட்டு ரொம்பத் தள்ளி மெதுவா நகருது, ஜனவரியில கிட்ட வந்து வேகமா ஓடுது. நீளமான மாசம், குட்டையான மாசம் எல்லாம் அதனாலதான்.

பழைய வாய்பாடுகளை வச்சுக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கப்படி வருஷம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. (இந்த விநாடி செகண்ட் இல்லை, நாழிகையில 60ல ஒரு பங்கு; தற்பரை அந்த விநாடியில 60ல ஒரு பங்கு.) நாலு வருஷத்துல மிச்சம் 62 நாழிகை 5 விநாடி சேரும். 60 நாழிகை ஒரு நாள், அது 366ஆவது நாளா வரும். மீதி 2 நாழிகை 5 விநாடி அடுத்த சுற்றுக்குப் போகும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 29 வருஷத்துக்கு ஒருமுறை லீப் இடைவெளி நாலுலேர்ந்து மூணா சுருங்கும். கிரிகோரி கணக்கு 400 வருஷத்துல மூணு நாளை வெட்டுது, நம்மது கூட்டுது. அதனாலதான் ஏறக்குறைய 62 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நம்ம பண்டிகைகள் ஆங்கிலத் தேதியில தள்ளிப்போகுது. 1863ல மகர சங்கராந்தி ஜனவரி 12, இப்போ 14 இல்லாட்டி 15.

உங்க கடிதத்துக்கு முதல்ல மார்ச் 11ன்னு மாத்திக்கிட்டு அப்புறம் பஞ்சாங்கக் கணக்குக்கு வாங்க. பிரமாதி வருஷம், பங்குனி மாசத் தொடக்கம். இப்போ மார்ச் 14 வாக்குல பிறக்கிற பங்குனி அப்போ அஞ்சு நாள் போல முன்னாடியே பிறந்திருக்கும், இன்னைய காலண்டரை வச்சுத் தோராயமா எழுதினா மாசியில போய் நிக்கும்.

பனைவரி:

மூணும் தெளிவு, நன்றி. கடிதங்கள்ல சில கேரளத்துத் தலைச்சேரியிலேர்ந்து வந்தது. அதுக்கும் இதே அஸ்தமன விதிதானா?

நாழிகைவட்டில்:

இல்லை. மலையாளக் கணக்குல பகலோட 18ஆவது நாழிகைதான் எல்லை, 6 மணிக்கு உதயம்னு வச்சா பகல் 1.12. சங்கராந்தி மத்தியானம் மூணு மணிக்குன்னா நமக்கு அன்னிக்கே ஒண்ணாம் தேதி, அவங்களுக்கு மறுநாள். அந்தக் கடிதங்களுக்குத் தனி நெடுவரிசை போட்டுக்குங்க.