புதுப்பிப்பு: டாட் ஐஓ நாளையே போய்விடுமா?

நாட்டுக் குறியீட்டு டொமைனை (டாட் இன், டாட் ஐஓ போல ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ உரிய ஈரெழுத்தில் முடியும் இணையப் பெயர்) முதன்மை முகவரியாக நம்பியிருக்க வேண்டாம் என்று முந்தைய இழையில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான். போகாது. டாட் ஐஓ என்பது சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியின் குறியீடு. அந்தத் தீவுகளை மொரீஷியசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. ஆனால் நாடுகளின் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலிலிருந்து ஐஓ குறியீடு நீக்கப்பட்டால்தான் டொமைனை ஓய்வுபெறச் செய்யும் நடைமுறையே தொடங்கும். அதற்கும் 5 ஆண்டு அவகாசம். நீட்டித்தால் அதிகபட்சம் 10. யுகோஸ்லாவியா சிதறி வெகுகாலம் கழித்தும் அதன் டாட் ஒய்யு 2010 வரை ஓடியது.

அடி விழுவது பெரும்பாலும் விதி மாற்றத்தால். பிரெக்ஸிட்டுக்குப் பின் தகுதி இழந்த பிரிட்டன் பதிவுதாரர்களின் டாட் இயு (ஐரோப்பிய ஒன்றியத்தின் டொமைன்) முகவரிகள் 2021இல் முடக்கப்பட்டு, 2022 ஜனவரியில் ரத்தாயின. டொமைன் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் ஒப்பந்த விதிகள் நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்குப் பெரும்பாலும் செல்லாது. விலை, தகுதி, தகராறு எல்லாம் அந்தந்தப் பதிவகம் (அந்த டொமைனை நடத்தும் அமைப்பு) வைத்ததே சட்டம்.

மாறுவதானால், தளத்துக்கு 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் அமைப்பு) போடுவது எளிது. மின்னஞ்சல்தான் தலைவலி. புது டொமைனில் எம்எக்ஸ் (அஞ்சல் எங்கே சேர வேண்டும் என்பது), எஸ்பிஎஃப், டிகிம் (அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டுபவை) பதிவுகளை முதலில் அமைத்து, பழைய முகவரிக்கு வரும் அஞ்சலையும் அங்கே வரவழையுங்கள். பிறகு ஒவ்வொரு கணக்கின் மீட்பு முகவரியையும் மாற்றுங்கள். டொமைனை வாங்கிய நிறுவனத்தில் (பதிவாளர்) உள்ள கணக்கே அதே டொமைன் அஞ்சலில் இருந்தால், முடங்கும் நாளில் உள்ளே நுழையவே வழியிருக்காது. (இதைப் பலர் கவனிப்பதே இல்லை.) மொபைல் செயலிக்குள் எழுதப்பட்ட ஏபிஐ முகவரிகளையும் (செயலி உங்கள் சர்வரோடு பேசும் முகவரிகள்) தேடுங்கள், பழைய பதிப்பை அப்டேட் செய்யாதவர்களுக்குத் திருப்பல் எல்லா நேரமும் உதவும் என்று சொல்ல முடியாது.

பழைய பெயரை உடனே கைவிடாதீர்கள். காலாவதியானதை வேறொருவர் வாங்கினால், உங்கள் பாஸ்வேர்டு மீட்பு அஞ்சல்கள் அவருக்குப் போகும்.