ஷ்மிட்டா: தரிசாண்டா, ஓய்வாண்டா, விடுகையாண்டா?

> 'தரிசாண்டு' போதுமே அம்மா. நிலத்தைச் சும்மா போட நம்மிடம் இருக்கிற சொல்தானே?

ஐயா, வணக்கம். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தைச் சாகுபடி செய்யாமலும் கடனை வசூலிக்காமலும் விடும் யூத வழக்கம்தான் 'ஷ்மிட்டா'. அதற்குத் தமிழில் 'தரிசாண்டு' என்பது எனக்குப் போதவில்லை. டெல்டாக்காரரிடம் 'நெல் தரிசு' என்று சொன்னால் அறுவடைக்கு முன்னே ஈரத்தில் உளுந்து தெளிப்பதுதான் நினைவுக்கு வரும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்றால் சாகுபடி இல்லை, அவ்வளவுதான். இரண்டிலும் கடவுளுக்கு வேலையில்லை. ஷ்மிட்டாவில் அவர்தான் நிலச் சொந்தக்காரர். 'நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் வந்து தங்கியிருப்பவர்கள்' என்கிற பொருளில் பைபிளின் லேவியராகமம் 25 பேசுகிறது. ஆறு வருஷம் விதைக்கலாம், திராட்சையைக் கவாத்து செய்யலாம். ஏழாம் வருஷம் இரண்டும் கூடாது. தானாக முளைத்ததை வீட்டுக்காரர், அடிமை, கூலியாள், அண்டி வாழும் வெளியூர்க்காரர், மாடு, காட்டு விலங்கு எல்லாரும் தின்னலாம்.

வெறும் உழவு நுட்பமாக இருந்தால் வயலுக்கு வயல் மாற்றிப் போட்டிருப்பார்கள். நாடு முழுக்க ஒரே வருஷம் நிறுத்தினால் எந்த விவசாயிக்கும் வயிறு கலங்கும். அப்படி நடந்தும் இருக்கிறது: கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதேயாவின் பெத்சூர் கோட்டை முற்றுகையைத் தாக்குப்பிடிக்க உணவு இல்லாமல் போனதற்கு, அது நிலம் ஓய்ந்த வருஷம் என்று 1 மக்கபேயர் என்னும் பழைய யூத வரலாற்று நூல் காரணம் சொல்கிறது.

> அப்படியானால் 'ஓய்வாண்டு'. தமிழ் பைபிளிலேயே ஓய்வு என்றுதானே இருக்கிறது?

லேவியராகமத்துக்குச் சரி. அங்கே எபிரேய மூலம் ஓய்வைக் குறிக்கும் 'ஷபாத்', ஷ்மிட்டா வரவில்லை. ஷ்மிட்டா யாத்திராகமம் 23இல் வினையாகவும் உபாகமம் 15இல் பெயராகவும் வருகிறது. முன்னதில் விடுவது நிலத்தை, பின்னதில் கடனை. 'உன் கை விட்டுவிடட்டும்' என்கிறது உபாகமம். வேர்ப்பொருள் பிடியை நழுவ விடுவது. கடன் எப்படி ஓய்வெடுக்கும்? ஆனால் நிலத்தையும் விடலாம், கடனையும் விடலாம். முதலில் 'கைவிடுகை' என்று எழுதிப் பார்த்தேன். யாரையோ நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஆகவே என் முன்மொழிவு 'விடுகையாண்டு'. 'ஓய்வாண்டு' ஷபாத்துக்கே இருக்கட்டும்.

> 'விடுப்பாண்டு' இன்னும் எளிதாக இல்லையா?

கேஷுவல் லீவு ஞாபகம் வருகிறதே ஐயா! பேராசிரியர்கள் எடுக்கும் நீண்ட விடுப்பான 'சபாட்டிக்கல்' இந்த ஏழாம் வருஷத்துப் பெயர்தான். வேண்டுமானால் அதற்கு விடுப்பாண்டு என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம், இன்னொரு சிக்கல். 2021 செப்டம்பரில் தொடங்கியதுதான் இஸ்ரேலில் கடைசியாக வந்த ஷ்மிட்டா. அந்த ஒரு வருஷத்துக்கு நிலத்தை யூதர் அல்லாதவருக்கு விற்றதாக எழுதிவிட்டுச் சாகுபடியைத் தொடரும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே உண்டு. 'ஹெட்டர் மெகிரா' என்பார்கள். 'மெகிரா' என்றால் விற்பனை, 'ஹெட்டர்' என்றால் அதற்கு ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், தரும் அனுமதி. 'விற்பனை விலக்கு' என்று எழுதினால் ஜிஎஸ்டி அறிவிப்பு மாதிரி இருக்கிறது, 'பெயர்விற்பனை' என்றால் பினாமி வாடை அடிக்கிறது. வேறு என்ன சொல்லலாம்?