மிஸஸ் மெக்லஸ்கியின் கடைசி நாட்களும் எங்கள் வீட்டு இரவுகளும்

ஒரே தெருவில் வாழும் தோழிகளைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்'-இன் எட்டாம் பருவத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, அத்தெருவாசியான மைக் டெல்ஃபினோ தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறக்கும் அத்தியாயத்தைத்தான் பலரும் முதலில் நினைவுகூர்கிறார்கள். என்னை உலுக்கியது வேறொரு மரணம். 2012 மே 13 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில், நுரையீரல் புற்றுநோயால் அவதிப்படும் முதியவர் கேரன் மெக்லஸ்கி தன் வீட்டிலேயே உயிர் விடுகிறார்.

அத்தொடரை நான் பல ஆண்டுகள் கழித்தே பார்த்தேன். அதே நோயின் முற்றிய நிலையில் இருந்த என் பெரியம்மாவை, இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட பிறகு, எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இரவில் அவர் அருகில் விழித்திருக்க வேண்டியிருந்ததால், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் அத்தியாயமாகப் பார்த்து வந்தேன். இறுதி அத்தியாயத்தில் மெக்லஸ்கி மருத்துவமனையில் சாக விரும்பாமல் வீட்டிலிருக்க ஆசைப்படுவதும், அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதும் வந்தபோது, அன்றைய எங்கள் நிலைமையையே யாரோ எடுத்துச் சொல்வதைப் போலிருந்தது.

2004-இல் இத்தொடர் தொடங்கியதே மேரி ஆலிஸ் யங்கின் தற்கொலையோடுதான். அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த நெருங்கிய தோழிகளுக்குக்கூட அவருடைய மனத்தில் இருந்த வேதனை தெரியாமல் போயிற்று. 180 அத்தியாயங்களுக்குப் பிறகு அதே தெருவில் ஒரு மூதாட்டி சாகப்போவது எல்லோருக்கும் தெரிகிறது, தெரிந்ததனால் உடனிருக்கிறார்கள். இத்தொடரின் கொலைகளையும் மர்மங்களையும்விட இந்த மாற்றமே பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறையில்லாத அத்தியாயம் என்று அதைச் சொல்ல மாட்டேன். அத்தெருவாசியான கார்லோஸ் செய்த கொலைக்காக, தோழிகளில் ஒருவரான பிரீ நீதிமன்றத்தில் நிற்கும்போது, மெக்லஸ்கி அந்தப் பழியைத் தாமே ஏற்றுக்கொள்வதும், அதன் மூலம் எல்லோரும் தப்பிவிடுவதும் கதையை அவசரமாக முடித்து வைக்கும் உத்தியாகவே எனக்குப் பட்டது. ஆனால் அவர் இறக்கும் காட்சி அப்படியல்ல. பின்னணியில் ஜானி மாத்திஸின் பழைய பாடல் ஒலிக்க, ஒருபுறம் ரெனேயின் திருமணமும் மறுபுறம் ஜூலியின் பிரசவமும் நடந்துகொண்டிருக்க, இடையிடையே மெக்லஸ்கியின் படுக்கையைக் காட்டுகிறார்கள்.

அந்த வேடத்தை ஏற்ற கேத்ரின் ஜூஸ்டனுக்கும் நுரையீரல் புற்றுநோய் இருந்தது என்பதை நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். செவிலியராக வேலை பார்த்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நடிப்புக்கு வந்து, இதே பாத்திரத்துக்காக 2005-இலும் 2008-இலும் எம்மி விருது பெற்றார். இறுதி அத்தியாயம் ஒளிபரப்பாகி மூன்று வாரம்கூட நிறைவடையாத நிலையில், ஜூன் 2 அன்று, தம் 72-ஆம் வயதில் காலமானார். இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தேன். இரக்கத்தை இரந்து பெறும் ஒரு பாவனைகூட அவர் முகத்தில் இல்லை. அந்தக் கலைஞர் மீது எனக்கு அளவிட முடியாத மரியாதை உண்டு.

அதுவரை பெரியம்மாவின் நோயைப் பற்றி எங்கள் குடியிருப்பில் எவரிடமும் நாங்கள் வாய் திறந்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உடம்புக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லி வந்தோம். அந்த அத்தியாயத்தைப் பார்த்த மறுநாள், பெரியம்மாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, கீழ்வீட்டு அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அன்று மாலையே கஞ்சியோடு வந்தார். அதன் பிறகு நான் வேலைக்குப் போகும் நாட்களின் பகல் பொழுதை அவரும் எதிர்வீட்டு அம்மாவும் தாங்களாகவே பங்கிட்டுக்கொண்டார்கள். பெரியம்மாவின் இறுதி நாள் வரை அந்த முறை மாறவே இல்லை.