மர்யமா மரியாவா? சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி பிளாக் குரூப்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி

இரவு 8:42

ஜைனப் (11வது மாடி): அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ரிஸ்வான் மகளுக்கு இன்னைக்கு ஏழாம் நாள், அகீகா (ஆடு அறுத்துக் குடுக்கற விருந்து) முடிஞ்சு பேரு வெச்சாச்சு. மர்யம். யார் வீட்டுக்காவது பிரியாணி வரலைன்னா சொல்லுங்க, ரிஸ்வான் ஏறி எறங்கி கால் வலிக்குதுங்கறான், லிஃப்ட்ல போறவனுக்கு எப்படி கால் வலிக்கும்னு தெரியல

முத்து அண்ணன் (அட்மின்): வாழ்த்துகள். வந்துச்சு வந்துச்சு, முட்டை ரெண்டு இருந்துச்சு, நன்றி

ஸ்டெல்லா ஆன்ட்டி: கன்கிராட்ஸ் ஜைனப்! மர்யம்னா எங்க மாதா பேராச்சே, நீங்களும் வைப்பீங்களா?

ஜைனப்: என்னக்கா இப்படி கேட்டுட்டீங்க, எத்தனை வருஷமா எதிர் வீடு. எங்க மாமியார் பேரே மர்யம் பீவிதான். குர்ஆன்ல பேரு சொல்லி வர்ற ஒரே பெண் அவங்கதான். மத்தவங்கள்லாம் ஃபிர்அவ்னோட (எகிப்து ராஜா) மனைவி, மூஸா நபியோட (மோசே) தாயார்னு தான் வருவாங்க, பேரு வராது. மர்யம் (அலை, அதாவது அவங்க மேல சாந்தி உண்டாகட்டும்) பேரு மட்டும் 34 இடத்துல

ஸ்டெல்லா ஆன்ட்டி: 34ஆ!! பைபிள்ல கூட அவ்ளோ இருக்காது போலயே

டேனியல் (4வது மாடி): இருக்காது ஆன்ட்டி. மாற்கு சுவிசேஷத்துல அவங்க பேரு ஒரே ஒரு தடவைதான். யோவான்ல பேரே இல்ல, "இயேசுவின் தாய்"னு மட்டும்தான்

ஸ்டெல்லா ஆன்ட்டி: நீங்க மெத்தடிஸ்ட்காரங்க இதெல்லாம் நல்லா எண்ணி வெச்சிருப்பீங்க

டேனியல்: ஹாஹா ஆன்ட்டி சும்மா சொன்னேன்

கலா அக்கா: மர்யம், மரியா, மாரியம்மா... பாத்தீங்களா மூணும் ஒண்ணுதான். சவுத் பிரிட்ஜ் ரோட்டுல பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது சும்மாவா

ஹனிபா பாய்: கலாம்மா, பக்கத்துல இருக்கறது உண்மை, நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே காலத்துல ஒரே கரையில வந்து எறங்குனாங்க அதான் காரணம். பேரு ஒரே மாதிரி கேக்குதே தவிர சம்பந்தம் இல்லம்மா. மாரி நம்ம தமிழ், மழை. மர்யம் அந்தப் பக்கத்து பாஷை

கலா அக்கா: சரி பாய், என் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் கிடைக்காது போல

முத்து அண்ணன் (அட்மின்): மக்களே ரிலிஜன் டாபிக் வேணாம்னு ரூல் போட்டிருக்கேன். மேல பின் பண்ணி இருக்கு பாருங்க

ஸ்டெல்லா ஆன்ட்டி: முத்து, சண்டை போட்டா நிறுத்துங்க. புள்ள பேரைப் பத்தி பேசிக்கிட்டு இருக்கோம்

முத்து அண்ணன் (அட்மின்): ம்ம்

ஜைனப்: ஸ்டெல்லாக்கா ஒரு விஷயம் சொல்றேன். மருமகளுக்கு வலி எடுத்தப்ப நான் பேக்ல ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் எடுத்துட்டுத்தான் போனேன், நர்ஸ் பொண்ணு பாத்துட்டு "ஆன்ட்டி பிக்னிக்கா"ன்னு சிரிச்சா. எங்களுக்கு குர்ஆன்ல 19வது சூரா (அத்தியாயம்) முழுக்க மர்யம் (அலை) பேருலதான் இருக்கு, அதுல வரும், அவங்களுக்கு வலி வந்து தன்னந்தனியா ஒரு பேரீச்ச மரத்தடிக்கு போயிடுவாங்க, இதுக்கு முன்னாடியே நான் செத்திருக்கக் கூடாதா, என்னை எல்லாரும் மறந்து போயிருக்கக் கூடாதான்னு சொல்வாங்க, அப்ப கீழேருந்து ஒரு குரல், கவலைப்படாத, உன் காலடியில ஓடையை ஓட வெச்சிருக்கான் உன் ரப்பு (இறைவன்), மரத்தை உலுக்கு பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திருன்னு. வலியில துடிக்கிற பொம்பளை எங்கேருந்து மரத்தை உலுக்கறதுன்னு சின்ன வயசுல கேட்டு உஸ்தாத்கிட்ட திட்டு வாங்கி இருக்கேன். ஆனா ரெண்டு புள்ள பெத்த பிறகு அந்த எடம் ஓதும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைச்சுக்கும்

ஸ்டெல்லா ஆன்ட்டி: ஜைனப் இது எனக்குத் தெரியவே தெரியாதே. எங்களுக்கு மாட்டுக் கொட்டில்தான். சத்திரத்துல எடமில்ல, தீவனத் தொட்டியில படுக்க வெச்சாங்க. பக்கத்துல சூசையப்பர் இருந்தாரு

ஹனிபா பாய்: சூசையப்பர் எங்க குர்ஆன்ல வர்றதே இல்ல. மர்யம் (அலை) தனியாத்தான் கைக்குழந்தையோட ஊருக்குள்ள வருவாங்க. ஊரு கேக்காதா? அவங்க ஒண்ணும் பேசாம குழந்தையைக் கைகாட்டுவாங்க. தொட்டில் புள்ள பேசும், நான் அல்லாவோட அடிமை, எனக்கு வேதம் குடுத்திருக்கான், என்னை நபியாக்கி இருக்கான்னு

டேனியல்: அங்கிள் அந்தத் தொட்டில் பேச்சு எங்க பைபிள்ல இல்ல. ஆனா தேவதூதன் வர்ற சீன் லூக்கா 1ல அப்படியே இருக்கு. நான் புருஷனை அறியேனே இது எப்படி ஆகும்னு அவங்க கேக்கறது

ஜைனப்: அதே கேள்வி எங்களுக்கும். எந்த மனுஷனும் என்னைத் தொடலையேன்னு

கலா அக்கா: அப்ப ரெண்டு பேருக்கும் அப்பா இல்லாம பிறந்தவருதான். நான்தான் சொன்னேன்ல, எல்லாம் ஒண்ணுதான்

ஹனிபா பாய்: இல்லம்மா

டேனியல்: இல்லக்கா

கலா அக்கா: ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இல்லைங்கறீங்க, அதுல மட்டும் ஒத்துமையா

இரவு 9:20

ஹனிபா பாய்: டைப் பண்ண லேட்டாகும் பொறுங்க. தகப்பன் இல்லாம பிறந்தாருங்கறதை நாங்க முழுசா நம்புறோம், ஆனா அதனால அவரு ஆண்டவனோட மகன் ஆயிட மாட்டாரு. குர்ஆன்லயே பதில் இருக்கு, ஈஸா, அதாவது இயேசுவோட உதாரணம் ஆதம் மாதிரின்னு. ஆதமுக்கு தகப்பனும் இல்ல தாயும் இல்ல, மண்ணுலேருந்து ஆகுன்னான் ஆயிட்டாரு. அப்ப ஈஸா (அலை) பெரிய நபி, மஸீஹ் (மேசியா), இன்ஜீல் வேதம் கொண்டு வந்தவரு, கண் தெரியாதவரை குணமாக்குனாரு, செத்தவரை எழுப்புனாரு, எல்லாம் அல்லாவோட அனுமதியில. அவரை நம்பலைன்னா நான் முஸ்லிமே கிடையாது. ஆனா வணங்க மாட்டோம். அவன் யாரையும் பெறல, யாருக்கும் பிறக்கலன்னு நாலே வரி சூரா இருக்கு, சின்ன புள்ளைக்கு முதல்ல அதைத்தான் சொல்லித் தருவோம்

டேனியல்: அங்கிள், மகன்னு நாங்க சொல்றது உடம்பு சம்பந்தப்பட்டதில்ல. அதுல நிறைய பேருக்கு குழப்பம். கடவுள் கல்யாணம் பண்ணி புள்ள பெத்தாருன்னு எந்த கிறிஸ்தவனும் சொல்லல. 325ல நிக்கேயாவுல ஆயர்கள் கூடி இதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. ஜெனிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்லன்னு விசுவாசப் பிரமாணத்துல வரும். அதாவது படைப்பு கிடையாது, பிதாவோட ஒரே தன்மை

ஸ்டெல்லா ஆன்ட்டி: இன்னொண்ணு, மாதாவை நாங்க கடவுளா கும்பிடறோம்னு சில பேரு நினைக்கறாங்க. மூவொரு கடவுள்ல மாதா கெடையாது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மாதாகிட்ட எங்களுக்காக வேண்டிக்கோங்கன்னு கேப்போம் அவ்ளோதான்

ஹனிபா பாய்: நல்லதா சொன்னீங்க. பரிசுத்த ஆவின்னு நீங்க சொல்றீங்க, ரூஹுல் குத்ஸ்னு எங்களுக்கும் வார்த்தை இருக்கு, ஆனா அது ஜிப்ரீல் (அலை)ங்கற வானவர்தான்னு எங்க ஆலிம்கள் சொல்வாங்க. வார்த்தை ஒண்ணு, ஆளு வேற

கலா அக்கா: எனக்கு ஒரு டவுட். அப்ப கிறிஸ்டியன் சைடுல இது அவதாரம் மாதிரி தானே, கடவுள் மனுஷனா எறங்கி வர்றது

டேனியல்: கிட்டத்தட்ட அப்படி தோணும்க்கா, ஆனா ஒரே ஒரு தடவைதான். வேஷம் கெடையாது, நிஜ உடம்பு, நிஜ பசி, நிஜ சாவு. முழு மனுஷன் முழு கடவுள்னு 451ல கால்செதோன்ல ஆயர்கள் கூடி முடிவு பண்ணாங்க. எனக்கே கணக்கு முழுசா புரிஞ்சுதுன்னு சொன்னா பொய்

ஹனிபா பாய்: பசின்னு சொன்னதும் ஞாபகம் வருது. குர்ஆன்ல ஒரு எடம், ஈஸாவும் அவங்க தாயாரும் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு. அவ்ளோ எளிமையா. சோறு சாப்பிடறவருக்கு பசி உண்டு, பசி உள்ளவரு இறைவன் ஆக முடியாதுன்னு அர்த்தம்

ஸ்டெல்லா ஆன்ட்டி: அட! எங்க ஆளும் சாப்பிட்டாரே. உயிர்த்து வந்த பிறகு சீடர்களுக்கு பயம், ஆவியோன்னு. ஏதாவது சாப்பிட இருக்கான்னு கேட்டு பொரிச்ச மீனை வாங்கி அவங்க கண்ணு முன்னாடி சாப்பிட்டாரு

ஜைனப்: நீங்களும் சாப்பாட்டை வெச்சே ஆர்க்யூ பண்றீங்க, இவரும் சாப்பாட்டை வெச்சே. எல்லாருக்கும் இன்னும் பசிக்குதா? சட்டியில பிரியாணி மிச்சம் இருக்கு

முத்து அண்ணன் (அட்மின்): கொஞ்சம் கீழ அனுப்ப முடியுமா

ஜைனப்: ரூல் பின் பண்றவங்களுக்கு கெடையாது

இரவு 9:51

பிரியா (கலா மகள்): அங்கிள் சிலுவை? ஸ்கூல்ல என் ஃபிரெண்ட் நூருல் சொல்றா இயேசு சாகவே இல்லன்னு. கிளாஸ்ல பெரிய டிபேட்

ஹனிபா பாய்: ஆமாம்மா அங்கதான் ரெண்டு பாதையும் நல்லா பிரியுது. அவங்க அவரைக் கொல்லல, சிலுவையில அறையல, அவங்களுக்கு அப்படி தோண வைக்கப்பட்டதுன்னு 4வது சூராவுல இருக்கு, அல்லா அவரை தன்கிட்ட உயர்த்திக்கிட்டான். அவர் மாதிரி உருவம் இன்னொருத்தருக்கு மாத்தப்பட்டதுன்னு விளக்கம் எழுதுனவங்க உண்டு, ஆனா அது யாருன்னு குர்ஆன் பேரு சொல்லல. ஒரு பெரிய நபியை எதிரிங்க கையில அவமானமா சாக விடமாட்டான் இறைவன், எங்க மனசு அப்படித்தான் யோசிக்கும்

டேனியல்: எங்களுக்கு தலைகீழ் அங்கிள். அந்த அவமானத்துலதான் எல்லாமே இருக்கு. கிறிஸ்து எழும்பலைன்னா உங்க விசுவாசம் விருதா, அதாவது வீண்னு பவுல் எழுதி இருக்காரு, சிலுவையை எடுத்துட்டா எங்களுக்கு மிச்சம் ஒண்ணுமே இல்ல. நல்ல போதகர் ஒருத்தர், அவ்ளோதான்

பிரியா: ஆனா ஏன் சாகணும்? கடவுள்னா சும்மா மன்னிச்சிடலாம்ல

ஹனிபா பாய்: இந்தப் புள்ளைக்கு யாராச்சும் ஸ்காலர்ஷிப் குடுங்கப்பா. எங்க பதில் அதேதான், சும்மா மன்னிச்சிட்டான். ஆதம் (அலை) தப்பு பண்ணாரு, தவ்பா (பாவமன்னிப்பு) கேட்டாரு, மன்னிச்சாச்சு, கணக்கு முடிஞ்சுது. அவரு தப்பு எனக்கு வராது. வாடகை பாக்கி இல்லாத வீட்டுல நான் பிறக்குறேன். அதனால எனக்காக இன்னொருத்தர் கடன் கட்ட வேண்டிய அவசியம் இல்ல

ஸ்டெல்லா ஆன்ட்டி: எங்களுக்கு ஜென்மப் பாவம் உண்டு பாய். பிறக்கும்போதே ஏதோ ஒரு கோணல். நம்மளா நிமிர முடியாது. என் வீட்டுக்காரரு போன வருஷம் பெரிய வியாழன்லேருந்து ஆஸ்பத்திரியில, வெள்ளிக்கிழமை ஓஃபீர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு நான் மட்டும் தனியா போயி சிலுவைப் பாதையில நின்னேன். மூணாவது தடவை விழற எடம் வந்தப்ப, கடவுளே விழுந்திருக்காரு, நான் விழுந்தா என்னன்னு இருந்துச்சு. அதை கணக்கா சொல்லத் தெரியல எனக்கு. ஆனா நீங்க அவரு சிலுவையிலயே ஏறலன்னு சொல்லும்போது மனசுல எங்கயோ இடிக்குது, கோவம் இல்ல, இடிக்குது

ஹனிபா பாய்: புரியுது ஸ்டெல்லாம்மா. நீங்க அவரை ஆண்டவர்னு சொல்லும்போது எனக்கும் இடிக்கும். இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் வாய் விட்டு சொன்னதில்ல

முத்து அண்ணன் (அட்மின்): இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

கலா அக்கா: முத்தண்ணே என்ன அழிச்சீங்க

முத்து அண்ணன் (அட்மின்): ஸ்டிக்கர் தப்பா போயிடுச்சு. டான்ஸ் ஆடுற வடிவேலு. நேரம் சரியில்ல

ஸ்டெல்லா ஆன்ட்டி: ஹாஹாஹா முத்து

ஹனிபா பாய்: ஒரு வரலாறு சொல்லி முடிச்சிடறேன், இஷா தொழப் போகணும். மக்காவுல கொடுமை தாங்காம முதல்ல ஓடிப்போன முஸ்லிம்களுக்கு எடம் குடுத்தது யாரு தெரியுமா, அபிசீனியாவுல (எத்தியோப்பியா பக்கம்) ஒரு கிறிஸ்தவ ராஜா, நஜ்ஜாஷி. 615 வாக்குல. மக்காக்காரங்க பரிசோட வந்து இவங்களைத் திருப்பி அனுப்புங்க, இவங்க ஈஸாவைப் பத்தி ஒரு மாதிரி பேசறாங்கன்னு போட்டுக் குடுத்தாங்க. ஜஅஃபர்ங்கற சஹாபி (நபியோட தோழர்) எந்திரிச்சு ஜைனப் சொன்னாளே அதே மர்யம் சூராவைத்தான் ஓதுனாரு. ராஜா தாடி நனையற அளவு அழுதாராம். அப்புறம் தரையிலேருந்து ஒரு குச்சியை எடுத்து, நீங்க சொன்னதுக்கும் ஈஸாவுக்கும் நடுவுல இந்தக் குச்சி அளவு கூட வித்தியாசம் இல்லன்னாராம். கூட இருந்த பாதிரிமாருங்களுக்கு அது பிடிக்கல, மூக்கால சீறுனாங்கன்னு கூட எங்க சரித்திரத்துல எழுதி வெச்சிருக்காங்க

டேனியல்: அங்கிள் செம கதை. ஆனா நான் அங்க இருந்திருந்தா அந்த பாதிரிமாரோட சேர்ந்து சீறி இருப்பேன். குச்சி இல்ல, சிங்கப்பூர் ஆறு அளவு வித்தியாசம் இருக்கு

ஹனிபா பாய்: சீறிக்கோ தம்பி. ராஜா எடம் குடுத்தாருல்ல, பாதிரிமார் சீறியும் குடுத்தாரு. எனக்கு அதுதான்

ஸ்டெல்லா ஆன்ட்டி: எங்க போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் கூட 2001ல டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலுக்குள்ள போனாரு. பள்ளிக்குள்ள காலடி வெச்ச முதல் போப் அவருதான். உள்ள ஸ்நாபக அருளப்பர் (யோவான் ஸ்நானகன்) கல்லறை இருக்குன்னு டிவியில காட்டுனாங்க

ஹனிபா பாய்: யஹ்யா நபி அவங்க, எங்களுக்கும் நபிதான். அதே பள்ளியில ஒரு மினாராவுக்கு பேரே ஈஸா மினாரா. கடைசி காலத்துல ஈஸா (அலை) டமாஸ்கஸ் கிழக்குப் பக்கம் வெள்ளை மினாராகிட்ட எறங்குவாங்க, தஜ்ஜாலை (அப்ப வர்ற பெரிய பொய்யன்) ஒழிப்பாங்கன்னு ஹதீஸ் (நபிமொழி) இருக்கு

பிரியா: வெயிட். அப்ப ரெண்டு பேருமே அவரு திரும்பி வருவாருன்னு வெயிட் பண்றீங்களா??

டேனியல்: ஆமா

ஜைனப்: ஆமாம்மா

பிரியா: வந்தா யாரு சொன்னது கரெக்ட்னு அவரையே கேட்டுக்கலாம்ல

ஹனிபா பாய்: கேளும்மா நீயே கேளு. நான் தொழுதுட்டு வர்றேன்

இரவு 10:34

ஸ்டெல்லா ஆன்ட்டி: ஜைனப் நாளைக்கு பூசை முடிஞ்சு வர்றேன் புள்ளையைப் பாக்க. கேக் செய்யறேன், ரம் போடாம உனக்குன்னு தனி டின்ல, எப்பவும் போல. ஆனா ஒண்ணு, நான் மரியான்னுதான் கூப்பிடுவேன்

ஜைனப்: கூப்பிடுங்கக்கா. திரும்பிப் பாக்குறாளான்னு பாப்போம், இப்போதைக்கு பாலுக்கு மட்டும்தான் திரும்புறா

ரிஸ்வான்: 217 மெசேஜா?? இப்பதான் தூங்கி எந்திரிச்சேன், என்ன ஆச்சு யாருக்கு என்ன

கலா அக்கா: ஒண்ணும் ஆகல தம்பி. பச்சை மூடி போட்ட டப்பா எங்க வீட்டுலதான் இருக்கு, கழுவி வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ

ரிஸ்வான்: மறுபடியும் லிஃப்டா